தண்ணி குடிச்ச குழி

எங்க தெருவுல ஒரு பள்ளம் தோண்டினாங்க. சாதாரணப் பள்ளமில்ல. ஓரத்துல நின்னு எட்டிப் பாத்தா அடியில கம்பி கட்டற ஆளுங்களோட மஞ்சத் தொப்பி மட்டும்தான் தெரியும், மூஞ்சி தெரியாது. காரு நிறுத்தறதுக்கே பூமிக்குள்ள நாலு மாடியாம், மனுஷங்களுக்கு அதுக்கு மேலயாம். ஹைதராபாத் கொண்டாப்பூர்ல இப்ப எல்லாம் இப்படித்தான். நானும் என் வீட்டுக்காரரும் இங்க மனை வாங்கினப்ப, எங்க திரும்பினாலும் பாறைதான். குஷாய்குடா ஃபேக்டரியில ஒழைச்சதையெல்லாம் இந்தக் கல்லுமேல கொண்டுபோய்க் கொட்டறீங்களேன்னு சிக்கந்தராபாத் சொந்தக்காரங்க சிரிச்சாங்க. இப்ப அதே ஆளுங்க ஞாயித்துக்கிழமையானா மால் பாக்க இங்கதான் வர்றாங்க, வந்துட்டு என் வீட்டுலதான் சாப்பிடறாங்க.

என் பேரு வேதா. வெள்ளைக்காரன் காலத்துல ஆற்காட்டுப் பக்கத்துலேருந்து கண்டோன்மெண்டுக்கு வேலைக்கு வந்த குடும்பம் எங்களது. அதனால என் தமிழ்ல தெலுங்கும் வரும், உருதும் வரும், கோவம் வந்தா மூணும் ஒண்ணா வரும். வீட்டுக்காரரு போய்ச் சேந்துட்டாரு. நான் ஒண்டிக்கட்டை. அடுத்த வீட்டு சமாச்சாரத்துல மூக்க நுழைக்காம இருக்க என்னால ஆகாது, அத இப்பவே சொல்லிடறேன்.

எதுத்தாப்புல அஞ்சு மாடி அபார்ட்மெண்ட் ஒண்ணு. அதுக்கும் அந்தப் பள்ளத்துக்கும் நடுவுல ஒரு காம்பவுண்டு சுவரு, அவ்வளவுதான். அந்த அபார்ட்மெண்ட்ல ரெண்டாவது மாடியில ஒரு வீடு வரதராஜன் சாரோடது. சென்னை திருவான்மியூர்ல பூகோள வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவரு. மகன் வெங்கட் இங்க கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கான். இந்த வருஷம் அவன ஜெர்மனிக்கு அனுப்பிட்டாங்க. அதனால வீட்டுல சாரு, அவரு சம்சாரம் திரிபுரசுந்தரி, மருமக சுபாஸ்ரீ மூணு பேருதான்.

சுபா பொள்ளாச்சிப் பொண்ணு. காதல் கல்யாணம். சுந்தரிக்குப் பிடிக்கல, மொத வருஷம் முழுக்க மருமககிட்ட "சாப்பிட வரலாம்"னு செவுத்தப் பாத்துத்தான் சொல்லுவா. ஒத்துக்கிட்டது சாருதான். மொத மொதல்ல பாத்தப்ப, என்னம்மா வேலை பாக்கறன்னு கேட்டாராம். ஆழமா தோண்டற பள்ளத்துல மண்ணு சரியாம இருக்கச் சுவரு நிறுத்துவாங்கல்லங்க, அந்தச் சுவரு சாஞ்சுட்டா ஏன் சாஞ்சுதுன்னு பாத்து மறுபடி நிக்க வைக்கற வேலைங்கன்னு இவ சொல்லியிருக்கா. மண்ணு படிச்ச பொண்ணு மருமகளா வந்தா பூகோள வாத்தியாருக்கு வேற என்ன வேணும்? அன்னியிலேருந்து மாமனாரும் மருமகளும் ஒரே கட்சி. சாயந்தரம் டீயை வெச்சிக்கிட்டு ரெண்டு பேரும் களிமண்ணு, மணல்னு பேச ஆரம்பிச்சா, நானும் சுந்தரியும் எழுந்து காய்கறிக்காரன்கிட்டப் போய்ச் சண்டை போட்டுட்டு வருவோம். பொழுது போகணுமே.

இப்ப குழி விஷயத்துக்கு வரேன்.

ரெண்டு கோடைக்கு முன்னாடி அபார்ட்மெண்ட் போர்ல தண்ணி நின்னு போச்சி. காலையில டேங்கர் ஹாரன் கேட்டாத்தான் எல்லாரும் பல்லே வெளக்குவாங்க. அப்ப சாரு செக்ரட்டரி ஆனாரு. ஆன ஒடனே மழைத்தண்ணிக்குக் குழி தோண்டணும்னு நின்னாரு. "திருவான்மியூர்ல நான் தோண்டாத குழியா? எங்க தெருவுல அத்தன வீட்டுக்கும் நான்தான் முன்னால நின்னு தோண்டிக் குடுத்தேன். கிணத்துல உப்புத்தண்ணி நல்ல தண்ணி ஆச்சு"ன்னு மார தட்டிக்கிட்டாரு. பொய்யில்ல, ஆயிருக்கும். பின்னாடி மூலையில, காம்பவுண்டு சுவர ஒட்டி எடம் பாத்துக் குறிச்சாரு. பாலமூர் பக்கத்துக் கூலி ஆளுங்க வந்து தோண்டினாங்க. செம்மண்ணு போச்சி, அதுக்குக் கீழ சரளை மாதிரி மொரம் போச்சி, அப்புறம் கடப்பாரை டங்குன்னுச்சி. சார், பாறை வந்துடுச்சின்னு தெலுங்குல சொன்னாங்க. நான்தான் தமிழ்ல சொன்னேன். சாருக்கு ஒரே சந்தோசம். "நல்லதா போச்சு, அடி கெட்டியா இருக்கு, அதோட நிறுத்திக்கச் சொல்லுங்க"ன்னாரு. ஜல்லி போட்டாங்க, மணல் போட்டாங்க, மொட்டை மாடிக் குழாயெல்லாம் கொண்டாந்து அதுல விட்டாங்க. பார்க்கிங் தரைய ஒடைச்சி, அந்தக் குழிப் பக்கம் சரிவா ஓட்டம் குடுத்து மறுபடி கல்லு பதிச்சாங்க. ஒரு சொட்டு ரோட்டுக்குப் போகக் கூடாதுன்னுட்டாரு.

மொத மழையில குடை பிடிச்சிக்கிட்டுக் குழிக்குப் பக்கத்துலயே நின்னாரு. தண்ணி உள்ள போகப் போக, "குடிக்குது பாருங்க வேதாம்மா, எப்படிக் குடிக்குது பாருங்க"ன்னு கொழந்தைக்குப் பால் குடுத்த மாதிரி பூரிச்சிப் போனாரு. நான் சேமியா பாயசம் வெச்சிக் குடுத்தேன். அதுக்கு ஒரு வருஷம் கழிச்சி பக்கத்து மனையில பள்ளம் தோண்ட ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறம் அந்தக் குழி இன்னும் வேகமாக் குடிச்சிது. வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சாரு அதச் சொல்லுவாரு.

போனாலு பண்டிகை வர்ற ஆடி மாசத்துல ஒரு நாள் மத்தியானம் வானம் பொத்துக்கிட்டுச்சி. பள்ளத்துல வேலை பாத்தவங்க எல்லாம் மேல தகரக் கொட்டாய்க்கு ஏறி வந்துட்டாங்க, அது நம்ம எல்லாருக்கும் எந்தச் சாமி செஞ்சதோ. நான் ஜன்னல் சாத்த எழுந்தேன். லாரியில கல்லு கொட்டற மாதிரி சத்தம். பாத்தா காம்பவுண்டு சுவர காணோம். பாதாம் மரத்த காணோம். ரெண்டு ஸ்கூட்டி பள்ளத்துக்குள்ள கெடக்குது. பள்ளத்தோட பக்கவாட்டுல கம்பி வலை அடிச்சி சிமெண்ட்டு பூசி நிறுத்தியிருந்தாங்கல்ல, அபார்ட்மெண்ட்ட ஒட்டின அந்தச் சுவருல முன்பாதி அப்படியே கழண்டு விழுந்துடுச்சி. குழி இருக்கற பின்பக்கத்து மீதிப் பாதி வயிறு தள்ளிக்கிட்டு நிக்குது.

கார்ப்பரேஷன்காரங்க வந்து, சரியாகற வரைக்கும் ஒருத்தரும் உள்ள இருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. பத்து குடும்பமும் துணிமணிய சுருட்டிக்கிட்டு சொந்தக்காரங்க வீட்டுக்குப் போச்சி. சார் வீட்டுக்காரங்கள நான் வேற எங்கயும் போக விடல. என் வீட்டுல ரெண்டு ரூம் சும்மாதான கெடக்குது?

ஒரு சமையக்கட்டுல ரெண்டு பொம்பளைங்க நின்னா என்ன ஆகும்னு ஒங்களுக்கே தெரியும். நான் கோங்கூரா கீரை கடைஞ்சா சுந்தரி, "இவ்வளவு புளிப்பா?"ன்னு மூஞ்சிய சுளிப்பா. அவ வத்தக்குழம்பு வெச்சா நான், "நக்கோ அம்மா, வேணாம், எனக்கு இது மருந்து மாதிரி இருக்குது"ன்னுடுவேன். சாரு ரெண்டையும் பிசைஞ்சி சாப்பிட்டுட்டு ரெண்டு பேரையும் பாத்து பிரமாதம்னுடுவாரு. வாத்தியாரு புத்தி.

சுபா மட்டும் ஒக்காரவே இல்ல. அபார்ட்மெண்ட்காரங்க எல்லாம் சேந்து, நம்ம வீட்டுப் பொண்ணு ஒருத்தி இதே வேலையில இருக்கறப்ப வேற யார நம்பறதுன்னு அவ தலையில கட்டிட்டாங்க. பில்டர் பக்கத்துல சைட் இன்ஜினியரு மனோஜ்னு ஒரு பையன். மல்லாபூர்ல பொறந்த தமிழ்ப் பையன்தான். தமிழ் நல்லாப் புரியும், பதிலு மட்டும் தெலுங்குலயும் ஹிந்தியிலயும் வரும். சுபா எத கேட்டாலும், ஆமான்னா ஹவ் மேடம், இல்லன்னா நை மேடம். அதுக்கு மேல வாயத் தெறக்க மாட்டான். பில்டர் சொல்லி வெச்சிருப்பாரு.

அவ மொதல்ல செஞ்ச காரியம், தோண்டி வெளிய அனுப்பின மண்ண லாரி லாரியாத் திருப்பிக் கொண்டாந்து, நிக்கற பாதிச் சுவருக்கு அடியில கொட்டச் சொன்னதுதான். பில்டர் ஆளுங்க குதிச்சாங்க. மாசக்கணக்கா தோண்டினத மறுபடி மூடறதான்னு. சாயறவனுக்கு மொதல்ல காலப் பிடிச்சு நிறுத்தணுங்க, தலைய அப்புறம் பாத்துக்கலாம்னு இவ அசையவே இல்ல. ராத்திரி பகல்னு பாக்காம லாரி வந்துச்சி. தெருவே செவப்பாச்சி. என் வாசல்ல போட்ட கோலம் காலையிலயே காணாமப் போயிடும்.

அடுத்தது அபார்ட்மெண்ட் பார்க்கிங் தரையில விட்டிருந்த விரிசலு. ஒவ்வொரு விரிசல் மேலயும் குறுக்கால ஒரு கண்ணாடித் துண்ட வெச்சி ரெண்டு பக்கமும் பூசி ஒட்டினா. பூமி நகந்தா கண்ணாடி பட்டுன்னு ஒடஞ்சிடுமாம், அதான் கணக்கு. எனக்கு அதப் பாத்ததுலேருந்து வேற நெனப்பே இல்ல. விடிஞ்சா மொதல்ல கண்ணாடிய பாப்பேன், அப்புறம்தான் பாலு காய்ச்சுவேன். மழை விட்டு ரெண்டு நாளு வெயிலு காயுது, அப்பவும் ஒரு கண்ணாடி ஒடஞ்சிருந்துச்சி. சுபா அத ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னா. மீதிச் சுவரும் போனா அபார்ட்மெண்ட்டோட மூலைத் தூணுக்கு அடியில மண்ணு இருக்காது. தூண் போனா பத்து வீடும் போச்சி. சுவருக்குப் பின்னால தண்ணி தேங்கி அதான் தள்ளுது, அடுத்த மழைக்கு முன்னாடி அது எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிக்கணும், இல்லன்னா எந்த ரிப்பேரும் நிக்காதுன்னு சொன்னா.

அன்னிக்கி சாப்பிடறப்ப சாரு வழக்கம்போல குழிப் பெருமைய எடுத்தாரு. பில்டர் பண்ணின அநியாயத்துல நம்ம குழிக்கு ஒண்ணும் ஆகலன்னு ஆறுதல்பட்டாரு. சுபா ரசத்த விட்டுப் பிசைஞ்சிக்கிட்டு இருந்தவ, சாதாரணமாத்தான் கேட்டா. எப்ப இருந்துங்க மாமா அது வேகமாக் குடிக்குதுன்னு. பக்கத்துல தோண்ட ஆரம்பிச்சதுலேருந்துன்னு அவரு சொன்னாரு. அவ கை நின்னுடுச்சி. மோரும் வாங்காம எழுந்து கைய கழுவிட்டுப் போயிட்டா. சுந்தரி என்னப் பாத்தா. நான் சுந்தரியப் பாத்தேன். சாரு ஊறுகாய் கேட்டாரு.

மறுநாளு சுபா ஆபீஸ்லேருந்து ஒரு டப்பா கொண்டாந்தா. அதுல ஒரு பொடி. தண்ணியில போட்டா கிளிப்பச்சை ஆகுமாம், ஒடம்புக்குக் கெடுதலு இல்லையாம். கக்கூஸ் லைன், கார்ப்பரேஷன் தண்ணி லைன், குழி, ஒவ்வொண்ணா போட்டுப் பாக்கணும், எதுல போட்டது சுவரு வழியா பச்சையா வருதோ அதுதான் காரணம்னு சொன்னா. மொதல்ல கக்கூஸ் லைன்ல போட்டா, வரல. தண்ணி லைன்ல, வரல. மிச்சம் குழிதான்.

சாருக்கு ஒரே உற்சாகம். "இன்னிக்கி நம்ம குழி மேல ஒரு குத்தமும் இல்லன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிரும்"னு பொடி கலக்க வாளிய அவரே எடுத்துக் குடுத்தாரு. சுபா அவர குழிக்கிட்ட நிறுத்தல. பள்ளத்துக்கு அந்தாண்ட கரையில, சுவருக்கு நேரா நிக்கச் சொன்னா. "நீங்க சுவரையே பாத்துட்டு இருங்க மாமா. பச்சையா கசிஞ்சா எனக்கு ஒரு போன் பண்ணுங்க. வரலைன்னா வரலைன்னு சொல்லுங்க. நான் இங்க குழிக்கிட்டத்தான் இருப்பனுங்க."

நானும் பிளாஸ்க்குல டீ எடுத்துக்கிட்டு அவரோட போனேன். மனோஜ் மண்ணு லாரிக்கு வழி விட கீழ ரேம்ப்புப் பக்கம் போயிட்டான். கரையில நாங்க ரெண்டு பேருதான். வெயிலு சுள்ளுன்னு அடிச்சிது. சாரு மூக்குக் கண்ணாடிய வேட்டியில தொடைச்சித் தொடைச்சி மாட்டிக்கிட்டாரு. திருவான்மியூர் கத, பசங்க கத எல்லாம் சொன்னாரு. நேரம் போச்சி. ஒண்ணும் வரல. நான் சொன்னேனேன்னு என்னப் பாத்துச் சிரிச்சாரு. டீய ஊத்திக் குடுத்தேன்.

மேல செம்மண்ணு, மொரம். கீழ கருப்பா பாறை. ரெண்டும் சேர்ற எடத்துல கொஞ்சம் ஈரம் பளபளன்னுச்சி. அப்புறம் அந்த ஈரத்துக்கு நிறம் வந்துச்சி. மொதல்ல என் கண்ணுல ஏதோன்னு நெனச்சேன். இல்ல. கிளிப்பச்சையா ஒரு கோடு பாறைமேல எறங்குது. அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு.

சாரு பக்கம் திரும்பினேன். அவரும் பாத்துட்டாரு. டீ கிளாசு வாய்க்குப் பக்கத்துல அப்படியே நிக்குது.

இந்த மனுஷன் ரெண்டு வருஷமா தலைமேல தூக்கி வெச்சி ஆடின குழி. அபார்ட்மெண்ட்ல ஒவ்வொருத்தனும் இன்னிக்கி இவரு மூஞ்சியில துப்புவானே. பில்டருக்கு என்ன, பணத்தால எல்லாத்தயும் மூடிடுவான். நான் யோசிக்கவே இல்ல, வாயில வந்துடுச்சி.

"சார், எனக்குக் கண்ணு அவ்வளவா தெரியாது. நான் ஒண்ணும் பாக்கல. கைக்கு ஒங்களுக்கு இந்த ஜஞ்சட்டு, எதுக்கு இந்தத் தொல்லை? வரலைன்னு சொல்லிடுங்க."

அவரு பையிலேருந்து போன எடுத்தாரு. போனு கையில இருக்குது. அத அமுக்கவும் இல்ல, பையில போடவும் இல்ல. சுவரப் பாத்தாரு. மேல அவரு வீட்டு பால்கனியப் பாத்தாரு, சுந்தரியோட துளசித் தொட்டி இன்னும் அங்கதான் இருக்குது. மறுபடி சுவரப் பாத்தாரு. எவ்வளவு நேரமோ. லாரி ஒண்ணு மண்ணக் கொட்டிட்டுத் திரும்பிப் போச்சி. எனக்கு அவரு தோளத் தொடணும் போல இருந்துச்சி, தொடல.

அப்புறம் டீ கிளாச கீழ வெச்சிட்டு நம்பர அமுக்கினாரு.

"சுபா, வந்துருச்சும்மா. பச்சையா வருது. கல்லுக்கு மேல, மண்ணுக்குக் கீழ. நிறைய வருதும்மா. நம்ம குழிதான்."

அப்பத்தான் மனோஜ் ரேம்ப்பு ஏறி வந்தான். சாரு அவன்கிட்டயும் அதயேதான் சொன்னாரு, கைய நீட்டிக் காட்டினாரு. "தம்பி, தப்பு என்னுது. இந்தச் சுவர நான்தான் தள்ளியிருக்கேன்." அந்தப் பையன் சுவரயும் சாரையும் மாறி மாறிப் பாத்தான். அவனுக்கு லாட்டரி அடிச்ச மாதிரிதான, பில்டருக்கு போன் போட வேண்டியதுதான்? போடல. தொப்பியக் கழட்டி கையில வெச்சிக்கிட்டு, தெலுங்கு பாதி தமிழு பாதியா அவனும் கொட்டிட்டான். சுவருல தண்ணி வெளிய வர குழாய் வெச்சிருந்தாங்களாம். அதுலேருந்து விடாம தண்ணி ஊத்தி, கீழ கம்பி கட்டறவங்க தலையில விழுந்துச்சாம். வேலை கெடுதேன்னு இவன்தான் காலி சிமெண்ட்டு சாக்கக் கிழிச்சிக் குழாயில அடைக்கச் சொன்னானாம். அடைச்ச பத்தாம் நாளு சுவரு போச்சி. "அங்கிள், நீங்க சொல்லலன்னா நானும் சொல்லியிருக்க மாட்டேன்"னு தமிழ்லயே சொன்னான். அவன் வாயிலேருந்து அவ்வளவு தமிழ அன்னிக்கித்தான் கேட்டேன்.

சுபா ரெண்டையும் கேட்டுக்கிட்டா. யாரயும் ஒண்ணும் சொல்லல. இந்த ஊருல பாறைமேல மேலாக்க கொஞ்சம்தான் மண்ணு, தண்ணி கீழ எறங்க வழியில்லாம பாறைமேலயே நடந்து பள்ளத்துப் பக்கம் வந்துருச்சி, வெளிய போற வாயையும் அடைச்சதால உள்ள தேங்கி சுவர முட்டித் தள்ளிருச்சின்னு வெளக்கிச் சொல்லிட்டு வேலையப் பாக்கப் போயிட்டா. மாடிக் குழாய் எல்லாத்தயும் குழியிலேருந்து பிரிச்சி ரோட்டுப் பக்கம் திருப்பினாங்க. குழியில தேங்கினத பம்ப்பு வெச்சி எறைச்சாங்க. அடைச்ச சாக்கப் பிடுங்கினாங்க, தண்ணி பீச்சி அடிச்சிது, கிளிப்பச்சை கலந்து. அப்புறம் துளை போடற மிஷின் வந்துச்சி. ஒடிசாப் பசங்க, மூக்குல துணி கட்டிக்கிட்டு, பாறைத் தூசியில வெள்ளை வெள்ளையா நின்னு துளை போட்டாங்க, தண்ணி வடிய கொஞ்சம், கம்பி சொருகக் கொஞ்சம். நீளக் கம்பிக் கயிற பாறைக்குள்ள வரைக்கும் சொருகி, சிமெண்ட்டுப் பால ஏத்துவாங்க. துளை வாயில பாலு பொங்கி வந்தாத்தான் நிறுத்துவாங்க. அது இறுகறதுக்கு நாளாகும், இறுகின அப்புறம்தான் கயித்த இழுத்துச் சுவரப் பாறையோட சேத்துக் கட்டணுமாம். அது வரைக்கும் அடியில கொட்டின மண்ணுதான் காப்பு. நானும் சுந்தரியும் அவங்களுக்கு மத்தியானம் மோரு குடுத்தோம்.

சாரு மட்டும் ரூமவிட்டு வெளிய வரல. அபார்ட்மெண்ட் ஆளுங்க போன்ல கண்டதையும் எழுதியிருந்தாங்க. வாத்தியாரு வெச்ச ஆப்புன்னு ஒருத்தன். பாயசம் குடிச்ச வாயி அது, நான்தான் ஊத்திக் குடுத்தேன். அவனுக்கு போன் பண்ணி மூணு பாஷையிலயும் கேட்டுட்டேன். ஆனா சாரு சாப்பாட்டுல கை வெக்கல. என்கிட்ட ஒரு தடவ மட்டும் பேசினாரு. "முப்பது வருஷம் போர்டுல தக்காணப் பீடபூமி வரைஞ்சிருக்கேன் வேதாம்மா. பாறைன்னு எழுதலைன்னா பசங்களுக்கு மார்க்கக் கொறைச்சிருக்கேன். அதுமேலதான் குடி வந்திருக்கேன்னு புத்திக்கு எட்டல."

கடைசியில ரயிலுக்கு டிக்கெட் போட்டுட்டாரு. திருவான்மியூருக்கே போயிடறேன், அந்தப் பொண்ணு மூஞ்சியில முழிக்க முடியலன்னு. சுந்தரி பொட்டிக்குப் பக்கத்துல கைய கட்டிக்கிட்டு நின்னா. "தாராளமா போங்க. நான் வரல. என் மருமக தனியா அல்லாடிக்கிட்டு இருக்கா, அவளுக்கு சோறு போட ஆளு வேணும்." என் மருமகன்னு அவ சொல்லி அன்னிக்கித்தான் கேட்டேன். எனக்குக் கண்ணு தளும்பிப் போச்சி. சாரு காதுல அது விழுந்த மாதிரியே தெரியல.

போற அன்னிக்கி சாயந்தரம் சாரு சட்டைய மாட்டிக்கிட்டு, பொட்டியோட என் வாசல்ல காருக்குக் காத்துக்கிட்டு நின்னாரு. கறுத்துக்கிட்டு வந்துச்சி. நாலு தூறலு. அப்புறம் சோன்னு பிடிச்சிக்கிட்டுச்சி. கயிறு இன்னும் இழுத்துக் கட்டல.

மாடித் தண்ணி என்னமோ திருப்பின குழாய் வழியா ரோட்டுக்குத்தான் வந்துச்சி. ஆனா பார்க்கிங் தரையில விழற தண்ணி? தரை சரிவு குழிப் பக்கம்தான. ஒரு சொட்டு வெளிய போகக் கூடாதுன்னு அவரே பாத்துப் பாத்துக் குடுத்த ஓட்டம். தண்ணி தெரண்டு மூலைக்கு ஓடுது. எல்லாரையும்விட மொதல்ல அதப் பாத்தது சாருதான். பொட்டிய அப்படியே வாசல்ல விட்டாரு. என் வீட்டுத் தொடப்பத்த எடுத்தாரு, வேட்டிய மடிச்சிக் கட்டினாரு, மழையில எறங்கி எதுத்தாப்புல ஓடினாரு.

நானும் சுந்தரியும் முறத்தயும் சாக்கயும் தூக்கிக்கிட்டுப் பின்னாலயே ஓடினோம். சுபா பள்ளத்துக் கரையிலேருந்து ஓடி வந்தா. மனோஜ் பசங்க மண்ணு மூட்டைய கொண்டாந்து குழிய சுத்தி அடுக்கினாங்க. சாரு மூலையில நின்னுக்கிட்டு, மேட்டப் பாத்து, ரோட்டப் பாத்து, வர்ற தண்ணியயெல்லாம் தள்ளித் தள்ளி வெளிய அனுப்பினாரு. தண்ணி வீணாப் போகுதுன்னு குழாயடியில என்னயே எத்தன தடவ திட்டின மனுஷன். நல்ல மழைத் தண்ணிய, போ போன்னு வாய்விட்டுச் சொல்லி, தெருவுல தள்ளிக்கிட்டு இருக்காரு. கண்ணாடி நனைஞ்சி ஒண்ணும் தெரியாம, அதக் கழட்டி சுந்தரி கையில குடுத்துட்டு மறுபடி தள்ளினாரு. கார்க்காரன் வந்து ஹாரன் அடிச்சிப் பாத்துட்டுப் போயிட்டான்.

மழை விட்டப்ப நாங்க நாலு பேரும் பார்க்கிங் தூண்ல சாஞ்சி மூச்சு வாங்கிக்கிட்டு நின்னோம். சுபா ஒவ்வொரு விரிசலா குனிஞ்சி பாத்தா. நான் சாமியக் கும்பிட்டுக்கிட்டே பின்னால போனேன். ஒரு கண்ணாடியும் ஒடையல. பள்ளத்துப் பக்கம் போய்ப் பாத்தா, வடியறதுக்குப் புதுசாப் போட்ட துளையெல்லாம் தண்ணி ஊத்துது, சுவரு அசையாம நிக்குது. மனோஜ் கீழேருந்து கையத் தூக்கிக் காட்டினான்.

திரும்பி வந்தப்ப சாரு தொடப்பத்த ஊணிக்கிட்டு நின்ன எடத்துலயே நின்னாரு. சுபாவப் பாக்காம தரையப் பாத்துக்கிட்டே கேட்டாரு.

"அன்னிக்கி என்ன அந்தக் கரையில நிறுத்தினியே. குழிதான்னு ஒனக்கு முன்னாடியே தெரியும்தானே?"

சுபா மொகத்துல வழிஞ்ச தண்ணிய தொடைச்சிக்கிட்டா. "முக்கால்வாசி தெரியுமுங்க மாமா."

"அப்புறம் ஏம்மா என்னப் போய்? மனோஜ நிறுத்தியிருக்கலாமே."

"பில்டருக்குப் பயந்து அவன் இல்லாததையும் வந்துருச்சுன்னு சொல்லலாம். அபார்ட்மெண்ட் ஆளுங்க வந்ததையும் வரலைன்னு சொல்லலாம். எனக்கு நெசம் தெரியணுமுங்க. தெரியலைன்னா நான் போடற ரிப்பேரு தப்பாப் போயிரும். அங்க நிறுத்த எனக்கு உங்களை விட்டா வேற ஆளில்லைங்க."

சாரு தலைய நிமித்தல. தொண்டைய கனைச்சிக்கிட்டாரு. "நான் ஒடனே சொல்லலம்மா. பாத்துட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்னேன். சொல்லாம விட்டுடலாமான்னுகூட ஓடிச்சு."

"தெரியுமுங்க மாமா" சுபா சொன்னா. "தண்ணி எவ்வளவு நேரத்துல வரும்னு எனக்கு ஒரு கணக்கு இருந்துச்சுங்க. நேரம் தாண்டிப் போச்சு. போனக் கையில வெச்சுக்கிட்டு நின்னேன். நானே கூப்பிட்டு வந்துருச்சுங்களான்னு கேட்டிருக்கலாம். கேக்கல."

"ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு தெரியும். அதை உங்ககிட்ட இருந்து பறிக்க மனசு வரலைங்க."

சாரு தொடப்பத்தக் கீழ போட்டாரு. எங்க எல்லாரு முன்னாலயும், அவ்வளவு பெரிய மனுஷன், ஓன்னு அழுதாரு. சுந்தரி அவரு கண்ணாடிய முந்தானையில தொடைச்சிக்கிட்டே நின்னா. அவரு அழுது முடிக்கற வரைக்கும் குடுக்கல.